மடிப்பு வெட்டாத புத்தகம்

டிசம்பரின் மூன்றாம் ஞாயிறு. மொண்டெவிடியோவில் நல்ல வெயில்.
திரிஸ்தான் நர்வாஹா தெருவில் கடை விரித்தாயிற்று:
தக்காளி, கூண்டில் கிளிகள், ஜோடி தொலைந்த காலணி,
அப்புறம் புத்தகங்கள், தரையில், குப்புறப் படுத்தபடி.
என் அக்குளில் வெந்நீர்க் குடுவை. இடது கையில் மாத்தே.
மிச்சமிருக்கும் ஒரு கையால்தான்
எல்லோருக்கும் தேட வேண்டும்.

வாஷிங்டன் என் மைத்துனன்.
பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்,
எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறவனுக்கும் அப்படி வைப்பார்கள்.
கடைசி நிறுத்தத்தில் அவனுக்குக் கிடைப்பது ஏழு நிமிடம்.
அதற்குள் ஒரு கொலை விழுந்து
ஒருவன் பொய் சொல்லியாக வேண்டும்.
அத்தியாயங்களை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

அவன் மகள் அனாயி கடற்கரை மணலில் படிப்பவள்.
ஈரக் கையால் புரட்டுவாள், அட்டையைப் பின்னுக்கு மடக்குவாள்,
அங்கேயே விட்டுவிட்டும் வருவாள்.
ஏற்கெனவே அடிபட்டதாகப் பார்த்து எடுத்தேன்.
கொடுக்கிறவளுக்கும் நிம்மதி வேண்டாமா?

ஒரு வருடம் தம்பிக்கு
எடை குறைக்கும் வழிகள் பற்றி ஒன்று கொடுத்தேன்.
அக்கறையோடுதான்.
மற்ற ஊர்களில் ஈஸ்டர் என்றும்
நாங்கள் சுற்றுலா வாரம் என்றும் சொல்கிற அந்த வாரம் வரை
அவன் என்னோடு பேசவில்லை.
ஒருவர் எப்படி மாற வேண்டும் என்று நினைக்கிறாயோ
அதை வண்ணத்தாளில் சுற்றித் தராதே.

ஓந்தினாவுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

அனிபால் மார்ச்சில் போனான்.
நாற்பத்தோரு வருடம் அவன் வாசிக்க, இவள் கேட்டாள்,
பாத்திரம் துலக்கிக்கொண்டு, நகம் வெட்டிக்கொண்டு,
அவன் மேலேயே கோபமாக இருந்துகொண்டு.
‘இப்போது கண்ணால் படித்தால்
யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது’
என்றாள் போன மாதம்.

துக்கம் பற்றிய புத்தகங்கள் இருந்தன, மெலிதாக, சாம்பல் நிறத்தில்.
அவற்றை ஏழெட்டுப் பேர் கொடுத்துவிட்டார்கள்.
அடுக்கிவைத்து மேலே ரேடியோவை வைத்திருக்கிறாள்.
சமையல்? ஒற்றை ஆளுக்கு எதைச் சமைப்பது.
பயணம்? தனியாகவா?

பெட்டியின் அடியில் கிடந்தது அது.
அச்சகத்தில் மடித்தது மடித்தபடி,
தாள்களின் ஓரம் வெட்டாமல்,
தொண்ணூறு வருடமாக யாரும் உள்ளே போகாமல்.
எழுதியவர் பெயரைக் கடைக்கார ஹெர்வாசியோவே கேட்டதில்லை.
‘கத்தி இருக்கிறது, வெட்டித் தரவா?’
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.
‘தொடாதீர்கள்.’
நூற்று இருபது பெசோ.
மாத்தேயில் அவருக்கும் ஒரு வாய்.

கடிதம் பிரிக்கிற கத்தி ஒன்று
அனிபாலின் மேசை இழுப்பறையில் உண்டு, எலும்புப் பிடியோடு.
அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
பொட்டலத்தைப் பிரித்தவள்
ஒரு மடிப்பை விரலால் அகட்டி
உறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
‘உடைந்த சாமானை வாங்கி வந்திருக்கிறாய்’ என்றாள்.
பிறகு இனிப்பு ரொட்டியை அறுக்கப் போய்விட்டாள்.

ஜனவரி ஐந்து, இரவு பதினொன்றரை. தொலைபேசி.
ஹலோகூடச் சொல்லவில்லை.
‘நாற்பதாம் பக்கம் வரை வெட்டிவிட்டேன்.
என்ன கண்றாவி இது!
ஒருவன் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறான், ஏறுகிறான்,
மூன்று அத்தியாயமாக ஏறிக்கொண்டே இருக்கிறான்.
நம்ப மாட்டாய், இதைக் கேள்’ என்று
வாசிக்க ஆரம்பித்தாள்,
சத்தமாக,
தப்பான இடங்களில் மூச்சு வாங்கிக்கொண்டு.

நடுநடுவே நின்றாள். சர்ரக் என்று தாள் கிழிபடும்.
மறுபடி குரல்.
நான் விளக்கைப் போடாமல்
குளிர்ந்த தரையில் கால் நீட்டி உட்கார்ந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அந்த மனிதன்
இன்னும் பாதிப் படிகூடத் தாண்டவில்லை.